யாரும் அடிக்கவில்லை

அடிபட்டுக் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்பதுதான். அதற்கு நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்து வரப்போவது ஆறுதலா ஏச்சா என்பது முடிவாகும். 2024 நவம்பரில் நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்த அதே நாட்களில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பனிமூட்டத்தில் பைக்கை அருவங்காட்டுப் பக்கம் ஓட்டிப்போய், ரோட்டோரக் கால்வாயில் சாய்த்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அங்கே எதற்குப் போனார் என்றால், பரோட்டா சாப்பிட. அவருக்கு ஹார்லிக்ஸ் வந்தது, ஆப்பிள் வந்தது, "நல்ல மனுஷன், நேரம் சரியில்ல" என்ற ஆறுதலும் வந்தது. ஹார்லிக்ஸ் எனக்கும் வந்தது. ஆனால் "ஹாக்கி விளையாடும்போது" என்று நான் ஆரம்பித்ததுமே வந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "ஏம்ப்பா, நாப்பது தாண்டிருச்சு. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் ஆறிவிட்டது. அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. பரோட்டாவுக்காக விழுந்தவரை யாரும் கேட்கவில்லை. குடித்துவிட்டுப் படியில் உருண்டவரைக்கூட "என்ன கவலையோ" என்று பேசி விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்துக்குப் பின்னால் ஓடியவன் மட்டும் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, நீலகிரித் தேயிலைக்காட்டில் வேலைக்கு நின்றவர்களில் அம்மாவும் ஒருவர். அதனால் அடி என்பது எங்களுக்குப் புதிதல்ல. அட்டைக்கடி, கவாத்துக் கத்தி வெட்டு, மழைநாளில் கொழுந்துப் பையோடு சரிவில் உருளுவது என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அம்மாவுக்கு ஒரு முழங்கால் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அதற்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. வயிற்றுக்காகப் பட்ட அடி அது. என்னுடையது திமிருக்குப் பட்ட அடி. யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு இதுதான்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், வேலையின்போது அடிபட்டால் வேலைக்குத் திரும்பும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மற்றபடி உடம்புக்கு வந்தால் பொதுவாக 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 70 சதவீதத்தைக் கொடுக்கும்போது சட்டம் "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்பதில்லை. மனிதர்களைவிட அது நாகரிகமானது. (எனக்கு அது பொருந்தாது. 2017-இல் சம்பள வரம்பை 21,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். நான் அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன்.) நான் கணக்கு எழுதும் தேயிலைக் கம்பெனியில் மேனேஜர் நல்ல மாதிரிதான். லீவு கேட்டுப் போன் செய்தபோது உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "பாக்டரிக்குள்ள பட்டிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்

பள்ளியில் எங்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தவர், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வெலிங்டன் பக்கம் குடியிருந்த ஒரு ஹவில்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அதற்குப் பிறகு இந்திய ஹாக்கி இன்னொரு ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்க்க 41 வருஷம் ஆனது. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் செட்டில் பலருடைய வீட்டுப் பரணிலிருந்து ஸ்டிக்குகள் கீழே இறங்கிவிட்டன. வாட்ஸாப் குரூப் ஒன்று தொடங்கியது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், இரண்டு வாத்தியார்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆள் குறைந்தால் நிரப்பிக்கொள்ளக் காலேஜ் பையன்கள் என்று ஒரு கலவையான கூட்டம். ஞாயிறு காலை ஆறரைக்கு ஆரம்பிப்பது என்பது ஒப்பந்தம். ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை.

அடிபட்ட அன்றைக்கு இன்னும் தாமதம். கோல் போஸ்ட் பக்கம் இரண்டு காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. குன்னூரில் இது ஒரு செய்தியே இல்லை. விரட்டுவது கிடையாது. அவையாகப் போகும்வரை ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நின்று நின்று உடம்பு குளிர்ந்துபோன பிறகு ஆட்டம் தொடங்கியது. புல்லில் ஈரம் இருந்தது.

இடது பக்கமாகப் போன பந்தைப் பிடிக்க வலது காலை ஊன்றி உந்தினேன், அவ்வளவுதான். குதிகாலுக்கு மேலே "பட்" என்று ஒரு சத்தம். எனக்கு மட்டுமல்ல, தூரத்தில் நின்ற கோல்கீப்பருக்கும் கேட்டிருக்கிறது. கீழே விழுந்ததும் வலிக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எவனோ பின்னாலிருந்து ஸ்டிக்கால் ஓங்கி அடித்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹாக்கியில் அது நடக்கிறதுதானே. திரும்பிப் பார்த்து, "ஏன்டா பின்னால வந்து அடிக்கிற?" என்று கத்தினேன். பின்னால் யாருமே இல்லை. நான் யாரைப் பார்த்துக் கத்தினேனோ அந்தப் பையன் இருபது அடிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, நான் அடிக்கலண்ணே. சத்தியமா அடிக்கல." டீக்கடையில் பார்த்தால் இன்றைக்கும் அவன் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறான்.

அறுந்தது குதிகால் நாண், அக்கிலிஸ் என்பார்கள். அது அறுந்தவர்கள் பலருக்கும் இப்படி நடப்பதாம். யாரோ உதைத்தார்கள், கல்லை எறிந்தார்கள் என்றுதான் திரும்பிப் பார்ப்பார்களாம். டேவிட் பெக்காமுக்கு 34 வயதில், 2010-இல், அறுந்தது இதே நாண்தான். அந்த வருஷ உலகக் கோப்பை அவருக்கு அதோடு போயிற்று. பெக்காம் பெயரைச் சொன்னால் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள் என்று முயன்று பார்த்தேன். "அவனுக்குக் கோடி கோடியா வருது, உனக்கு என்ன வருது?" என்றார் மாமா.

யாரும் அடிக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய சங்கடம். யாராவது அடித்திருந்தால் ஏச்சு அவனுக்குப் போயிருக்கும், எனக்கு ஆப்பிள் வந்திருக்கும். கதையில் வில்லன் இல்லை என்றால் விழுந்தவன்தான் வில்லன்.

மேட்டில் ஒரு குதிகால்

முதலில் போன கிளினிக்கில் சுளுக்கு என்றார்கள். அப்படித் தோன்றுவது சகஜம்தான். நாண் முழுசாக அறுந்தாலும் வேறு தசைகளின் தயவில் பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்த முடியும், விரல்கள் ஆடும், எக்ஸ்ரேயில் எலும்பு ஒழுங்காகத் தெரியும். கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் "நரம்பு பிசகிருச்சு" என்று செய்தி பரவியது. அத்தை நீலகிரித் தைலத்தோடு வந்து உருவிவிட உட்கார்ந்தார். புத்தூர் கட்டுப் போடலாம் என்று ஒருவர் பஸ் நேரம்கூட விசாரித்து வைத்திருந்தார். அத்தையின் கை காலில் படுவதற்கு முன்னால் எங்கள் டீம் பிசியோதெரபிஸ்ட் வந்தது என் நல்ல நேரம்.

அவன் என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னான். பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. இடது ஆடுசதையைக் கையால் பிடித்து அழுத்தினான். நான் ஒன்றும் செய்யாமலே பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலது ஆடுசதையைப் பிடித்தான். அழுத்தினான், விட்டான், இடத்தை மாற்றி மறுபடி அழுத்தினான். என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என் மகளின் முகத்தைப் பார்த்தேன், அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அசையல" என்றாள். "மச்சான், கோயமுத்தூர் போயிடலாம்" என்றான் அவன்.

கோவையில் டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆடுசதைகளைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்த நாண்தான் உடம்பிலேயே தடித்தது. எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. சுத்தமாக வெட்டுப்பட்ட மாதிரி இருக்காது. நைந்துபோன தேங்காய் நார்க் கயிறு பிரிந்து கிடப்பது போல இரண்டு முனையும் கிடக்கும். பெரும்பாலும் யாருக்கு என்று கேட்டேன். முப்பது, நாற்பது வயதுகளில், வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வாரக் கடைசியில் மட்டும் ஓடும் ஆண்களுக்கு என்றார். அப்புறம், நான் எதிர்பாராத ஒரு கேள்வி: "சமீபத்துல காய்ச்சலுக்கு ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?" சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் இந்த நாணைப் பலவீனமாக்கும். அமெரிக்காவில் 2008 முதல் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். நான் சாப்பிடவில்லை. ஆனால் நம் ஊரில் மெடிக்கலில் பெயர் சொல்லி மிட்டாய் வாங்குவது போல அதை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பதை அவர் என்னிடமே விட்டார். நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், தைத்தவர்களும் தைக்காதவர்களும் நடப்பதிலும் ஓடுவதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தைக்காதவர்களில் 100-க்கு 6 பேருக்கு மறுபடி அறுந்திருக்கிறது, தைத்தவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தைத்தவர்களுக்குக் காலில் நரம்பு பாதிக்கப்படுவது கூடுதல். நான் கத்தி வேண்டாம் என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை, செலவுக் கணக்குத்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு கனமான பூட் மாட்டினார்கள். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு ஆப்பாகத் துண்டுகளை அடுக்கி, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இருக்க வைத்தார்கள். அப்போதுதான் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டாக எடுப்பார்கள். அதுவரை தூங்கும்போதும் பூட்டோடுதான். நாண் ஆறும்போது இழுபட்டு நீண்டுவிட்டால் அப்புறம் காலில் உந்துசக்தியே இருக்காது. அதனால் ஒரே கட்டளை: "பாதம் மேல்நோக்கி மடங்கவே கூடாது."

குன்னூரில் இருந்துகொண்டு அது எப்படி? மேடு ஏறுவது என்றாலே பாதம் மேல்நோக்கி மடங்குவதுதான். நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம். அதற்கே நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் போட்டால்தான் எஞ்சின் ஏறுகிறது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு பிரியும் இடம் அதைவிடச் செங்குத்து, அதைத் தாண்டிக் கீழே எண்பது சொச்சம் படிகள், அதற்கும் கீழேதான் வீடு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று பாடம் படித்தேன். சரிவில் நேராக ஏறினால் பூட் முழங்காலைப் பின்னால் தள்ளும், அதனால் பக்கவாட்டில் ஏறினேன். கைத்தடி ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். சாயங்காலம் ஆனால் மனைவி வெளியே விடமாட்டாள். படியில் காட்டெருமை எதிரே வந்தால் என்ன செய்வேன் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஊரில் சமதளம் என்பதே சில இடங்களில்தான் இருக்கிறது. ஸ்டேஷன் பிளாட்பாரம், தேயிலை பாக்டரித் தரை, அப்புறம் அந்த மைதானம். மேடும் பள்ளமுமாக வாரம் பூராவும் ஏறி இறங்குகிறவனுக்கு, தடையில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடிப்பார்க்க ஒரு தரை கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. "எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

டொரண்டோவில் இருக்கும் சித்தி மகனிடம் போனில் புலம்பினேன். அவன் அங்கே போய் முப்பத்தைந்து வயதுக்கு மேல் பனிச்சறுக்குக் காலணி கட்டிப் பழகி, பெரியவர்களுக்கான ஐஸ் ஹாக்கி லீக் ஒன்றில் ஆடுகிறான். இரவு பத்து மணிக்கு மேல்தான் அவர்களுக்கு ஐஸ் கிடைக்குமாம். ஒருவரையொருவர் உடம்பால் மோதக்கூடாது என்று விதி இருக்கிறது, முகத்துக்குக் கம்பிக்கூண்டு இருக்கிறது. ஆனால் விளிம்பு தட்டி வழுக்கினால் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. போன வருஷம் அப்படிப் போய் மோதி, தோளோடு சேரும் இடத்தில் காறை எலும்பு விலகி, கையைத் தூளியில் கட்டிக்கொண்டு திரிந்தான். "எமர்ஜென்சியில நர்ஸ் என்ன கேட்டாங்க தெரியுமா? நீ எந்த பொசிஷன்ல ஆடுறன்னு கேட்டாங்க" என்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது. உடனே அவனே சிரித்துக்கொண்டு, கோத்தகிரியிலிருந்து சித்தி வீடியோ காலில் வந்து ஏசியதைச் சொன்னான். அதே வசனம், வயது உட்பட. ஐஸ்மேல் நின்றாலும் தப்ப முடியாது போலிருக்கிறது.

போல் டைவ்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வழக்காக என் மனதில் தயாராகிக்கொண்டிருந்தது. விளையாட்டை மதிக்காத சமூகம் ஒரு பக்கம், அநியாயமாக ஏச்சு வாங்கும் நான் ஒரு பக்கம். அது கலைந்தது ஜனவரி 19 அன்று, பொங்கல் கழிந்த ஞாயிறு.

காலையிலேயே குரூப்பில் போட்டோக்கள் வந்துவிட்டன. சேறு பூசிய ஸ்டாக்கிங்ஸ், டீ கிளாஸ், கட்டைவிரல்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. எங்கள் பக்கம் சிலிண்டரை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வழக்கமாக நான் தூக்குவேன். உள்ளே இருப்பது 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். இந்த முறை மனைவி துண்டைச் சும்மாடாகத் தோளில் போட்டு எண்பது சொச்சம் படியும் இறக்கிக்கொண்டு வந்தாள். என் காலுக்காக அத்தை வைத்துவிட்டுப் போன தைலம் அவள் தோளுக்குத்தான் பயன்பட்டது.

அன்று சாயங்காலம் போனில் கோ-கோ இறுதி ஆட்டம். தில்லியில் முதல் உலகக் கோப்பை, பெண்கள் பிரிவில் இந்தியாவும் நேபாளமும். அவள்தான் வைத்தாள். பள்ளியில் கோ-கோ ஆடியவள் என்பது எனக்குத் தெரியும், அவளுடைய பிளட் குரூப் தெரிகிற மாதிரி ஒரு தகவலாக. டம்ளர்களை வரிசையாக வைத்து எனக்கு ஆட்டத்தை விளக்கினாள். உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். துரத்துகிறவள் ஒரு திசையில் போக ஆரம்பித்தால் முனையில் இருக்கும் கம்பத்தை, அதாவது போஸ்ட்டைச் சுற்றாமல் திரும்ப முடியாது. ஓடுகிறவள் அந்த விதியை வைத்துத்தான் பிழைக்கிறாள். சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். திரையில் ஒவ்வொரு முறை யாராவது வெட்டித் திரும்பும்போதும் இவள் தோள் ஒரு நூல் அளவு அந்தப் பக்கம் சாய்ந்தது. சிலிண்டர் தூக்கிய தோள்.

போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, தரையோடு தரையாகப் பாய்ந்து எதிராளியைத் தொட்டாள். "போல் டைவ்" என்றாள் இவள். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி முழங்கைக்குக் கீழே இருந்த நீளத் தழும்பைக் காட்டினாள். "இது எப்படி வந்துச்சுன்னு நெனச்சீங்க?" கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த தழும்பு. அடுப்பில் சுட்டது என்றே நினைத்திருந்தேன். அவளும் யாரிடமும் வேறு மாதிரி சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அடுப்படியில் பட்டது என்றால் கேள்வி வராது அல்லவா?

இந்தியா 78-40 என்று ஜெயித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் என் வழக்கு வாய்வரை வந்திருந்தது. எல்லோரும் ஏசுகிறார்கள், மேனேஜர் இப்படிச் சொன்னார், மாமா அப்படிச் சொன்னார், உனக்கும் என்மேல் கோபம்தானே என்றேன். டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க விழுந்ததுல எனக்குக் கோபம் இல்லங்க. விழுறதுக்கு உங்களுக்கு ஒரு எடம் இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். நான் எங்க போயி விழுறது?"

அவள் குரலில் சண்டை எதுவும் இல்லை. கடைக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். "இந்த வயசுல எதுக்கு" என்ற கேள்வி என்னிடம் வர நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அவளிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு வந்துவிட்டது. அவளுக்கு யாரும் அதைக் கேள்வியாகக்கூட வைக்கவில்லை. டீம் முடிந்தது, கல்யாணப் பேச்சு வந்தது, அவ்வளவுதான். என்னை ஏசியவர்கள்கூட, விளையாடியதற்காகத்தான் ஏசினார்கள். ஒரு வகையில் நான் விளையாடுகிறவன் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஏசினார்கள்.

பூட்டைக் கழற்றியபின் நடைப்பயிற்சிக்கு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன், அங்கேதானே சமதளம். அப்போதுதான் உட்கார்ந்து கவனித்தேன். காலையில் நிறையப் பெண்கள் வருகிறார்கள். சேலைக்குமேல் ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. எல்லோரும் ஓரமாகவே சுற்றி நடக்கிறார்கள். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, முட்டி வலிக்கு. டாக்டர் சொன்னதால் நடக்கலாம். பள்ளிச் சீருடையில் இருக்கிற பெண் பிள்ளைகள் உள்ளே ஆடுகிறார்கள். இருபது வயதுக்கு மேல் ஒரு பெண் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி நான் பார்க்கவில்லை.

"நீயும் நாலு பேரைச் சேர்த்து ஆடேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "கோ-கோவுக்கு உக்காரவே எட்டுப் பேர் வேணும்" என்றாள். "அந்த எட்டுப் பேர் வீட்டுலயும் ஞாயித்துக்கிழமை காலைல யாரு இட்லி ஊத்துவா?" நான் ஊற்றுகிறேன் என்றேன். "மீதி ஏழு வீட்டுல?"

இப்போது

வலது ஆடுசதை இன்னும் இடதைவிட மெலிந்துதான் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவதுதான் பரீட்சை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பத்தில் ஒன்றுகூட முடியவில்லை. மூளை கட்டளை போடும், குதிகால் தரையிலேயே இருக்கும், விசித்திரமான அனுபவம் அது. இடது காலோடு ஏறக்குறைய சமமாக வரும்வரை ஓடவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டான். எங்கள் வீட்டுப் படிகள்தான் என் ஜிம். இதற்கு மட்டும் இந்த ஊர் உதவியது. படி விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் எண்ணிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு மணிக்கட்டு ஆறிப்போய் மறுபடி பரோட்டாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது குரூப்பில் வேன் பேசி மதுரைக்குப் போனோம். மனைவியையும் கூப்பிட்டேன். "கோ-கோன்னா சொல்லுங்க, வர்றேன்" என்றாள். நீலத் தரையில் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் ஓடுவதைப் பார்த்தபோது என் கண் போனதெல்லாம் அவர்களுடைய குதிகால்கள் மேல்தான். திரும்பி வரும்போது, மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டே, நான் மறுபடி ஆடுவதைப் பற்றி என்னைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்தார்கள். இனிமேல் கோல்கீப்பர். கால் காப்பு, ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் உண்டு, ஓட வேண்டாம், எல்லோருக்கும் நிம்மதி. கோல்கீப்பரும் குதிகாலை ஊன்றித்தான் பாய வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட்டைத் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் வடையைப் பிட்டுக்கொண்டே, "இந்த வயசுல கோல்கீப்பர்தான் சரி மச்சான்" என்றான்.